பண்ணவாடி: 120 அடிக்குக் கீழே ஓர் ஊர்



மூன்றாம் ஆண்டில் நம் சிவில் துறையிலிருந்து மேட்டூருக்கு டூர் போனோம். கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி என்று நோட்டில் குறித்துக்கொண்டோம். வைவாவில் அதைத்தான் கேட்டார்கள். டாண் டாண் என்று சொல்லி மார்க் வாங்கினேன். அந்த 120 அடிக்குக் கீழே என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பிறகு வேலை விஷயமாகச் சேலத்தில் இருந்தபோது, ஒரு கோடையில் நீர்த்தேக்கக் கரையிலுள்ள பண்ணவாடிக்குப் போனேன்.

1924-இல் சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் செய்த பின் 1925-இல் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21-இல் திறப்பு விழா. கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். பழைய பண்ணவாடியும் அக்கம்பக்கத்து ஊர்களும் காலியாகி நீருக்குள் போயின. ஜனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். ஊர்ப்பெயரையும் கூடவே எடுத்துப் போனார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலும் கிறிஸ்தவ ஆலயமும் அங்கேயே நின்றுவிட்டன. நீர் வெகுவாக இறங்கும் கோடைகளில் நந்தியும் ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். காய்ந்த தரையில் விதைப்பவர்களும் உண்டு. பயிர் விளையுமுன் தண்ணீர் ஏறினால் போச்சு!

பண்ணவாடிக்கு எதிர்க்கரை நாகமரை. கோட்டையூருக்கு எதிர்க்கரை ஒட்டனூர். சேலம் மாவட்டத்திலேயே இருந்த இரு கரைகளும் 1965-இல் தருமபுரி தனி மாவட்டமானதும் பிரிந்தன. ஆனால் சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் அக்கரை போவது நிற்கவில்லை. அதற்குப் பரிசல்தான், படகுதான்.

படகோட்டிப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நந்தி தலை தெரிஞ்சா தண்ணி கொறைஞ்சு போச்சுன்னு அர்த்தம் தம்பி. எங்களுக்கு ஸ்கேல் எதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் அது பண்டிகை மாதிரி. நாங்கள் சாப்பிட்ட சோற்றுக்கு இந்த ஊர்க்காரர்கள் வீடு வாசலைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது.

அணை வேண்டாம் என்று சொல்லவில்லை. அணை கட்டியதில் தப்பும் இல்லை. இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று: நாளை நீங்கள் ஒரு திட்டத்துக்கு லெவல் எடுக்கப் போவீர்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே வரும் ஊர்களின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வைவாவில் கேட்க மாட்டார்கள், பரவாயில்லை.