சைக்கிள் நேர ஓட்டம்: காற்றும் மேடும்

வீரர்கள் இடைவெளி விட்டுத் தனித்தனியே கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் மோதும் போட்டி. முன்னே போகிறவரின் பின்னால் ஒண்டி ஓட்ட அனுமதியில்லை. 1994 முதல் ஆண், பெண் இருபாலருக்கும் உலகச் சாம்பியன் போட்டி உண்டு.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே வீசும் மாதங்களில், தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி நோக்கி மிதிப்பவருக்கு எதிர்காற்று. உப்பளவெளியில் ஒதுங்க மரமில்லை. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிறவர் 18 கி.மீ. எதிர்காற்றைச் சந்தித்தால் காற்றுத்தடை 2.25 மடங்காகும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினாலும், இழந்த நேரம் முழுதும் மீளாது.

செங்குத்து மேட்டில் புவியீர்ப்பே முதல் எதிரி. ஆகவே தேர்ந்த வீரர் ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் சற்றே கூடுதலாக அழுத்தி, இறக்கத்தில் குனிந்து மூச்சு வாங்குவார். பக்கக்காற்று வலுத்தால் ஆழமான விளிம்புச் சக்கரம் ஆபத்து, கைப்பிடியையே திருப்பிவிடும்.