சூடில்லாத வடு

நம் இருதயம் தன்னைத் துடிக்கவைக்கும் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அம்மின்சாரம் நெறி தவறிப் பாயுமானால் துடிப்பின் தாளம் கெடும். தவறும் இடத்தில் ஒரு சிறு வடுவை உண்டாக்கினால் அதன் வழி அடைபடும். தொடையின் இரத்தக்குழாய் வழியே இருதயத்தினுள் செலுத்தப்படும் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் செய்யும் பணி இதுவே.

இம்முறைக்கு வித்திட்டது ஒரு விபத்து. பாரிஸ் மருத்துவர்கள் 1979-இல் வெளியிட்ட குறிப்பொன்றைக் காண்கிறோம். கதீட்டர் உள்ளே இருக்கையில் ஒரு நோயாளிக்கு மின் அதிர்ச்சி தரவேண்டியதாயிற்று. அம்மின்சாரம் கதீட்டர் வழியே பாய்ந்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மின்பாதையை நிரந்தரமாக அறுத்துவிட்டது. அந்நோயாளிக்கு இன்னலாக வந்தது, மருத்துவத்திற்கு வழிகாட்டிற்று. 1982-இல் அமெரிக்காவில் மெல்வின் ஷைன்மனும் ஜான் காலகரும் தனித்தனியே அதனைச் சிகிச்சையாகவே கையாண்டு எழுதினர்.

ஆயினும் அது முரட்டு வைத்தியமே. நுனியில் பொறி எழும். வாயு வெடித்து விரியும். அவ்வேகத்தில் இருதயச் சுவர் கிழிபடவும் கூடும். ஆகவே அதனைக் கைவிட்டு, ரேடியோ அலை மின்சாரத்தால் திசுவைச் சுடும் முறைக்கு மாறினர். குளிரால் உறையவைக்கும் முறையும் பின்னர்ச் சேர்ந்தது.

மேலறை நடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்தே கிளம்புகின்றன என்று, பிரான்சின் போர்தோ நகரத்து ஐசகேர் குழுவினர் 1998-இல் காட்டினர். அதுமுதல் அச்சிரைகளின் வாயைச் சுற்றி வடுவிடுவது வழக்கமாயிற்று. இங்கேதான் சங்கடம். இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழல் இறங்குகிறது. சூடு, இது இருதயம், இது உணவுக்குழல் என்று பேதம் பாராது. மிக அரிதாக, நோயாளி நலமாக வீடு சென்று சில வாரங்களான பின், இரண்டிற்கும் இடையே துளை விழும். அவ்வாறு நேர்ந்தோரில் பலர் பிழைப்பதில்லை.

தள்ளிவைத்த மின்சாரத்தை மீண்டும் எடுத்தவர்களுள் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர். பொறி எழாத அளவிற்கு ஆற்றலைக் குறைத்து அவர்கள் விலங்குகளிடம் சோதித்தனர். வலிய மின்புலம் விநாடியின் மிகச் சிறு கூறு நேரமே நிலவினால், உயிரணுவின் மேற்சவ்வில் நுண்துளைகள் விழுந்து அது மடிகிறது. சுடுவதற்கு அவகாசமே இல்லை. இருதயத் தசை உணவுக்குழலைவிட எளிதில் இதற்கு ஆளாவது நமது நற்பேறு.

மின்துடிப்புகளால் இவ்வாறு சிகிச்சை பெற்ற முதல் நோயாளிகளின் விவரம் 2018-இல் வெளிவந்தது. 2023-இல் 607 பேரிடம் நடத்திய ஒப்பீட்டின் முடிவு வெளியாயிற்று; ஓராண்டு கழித்து மின்துடிப்பு முறையில் சுமார் 73 விழுக்காட்டினரும், வெப்ப, குளிர் முறைகளில் 71 விழுக்காட்டினரும் பயன் கண்டனர். பயனில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அபாயத்தில் இருந்தது: 2024-இல் வெளியான தொகுப்பில், இம்முறையில் சிகிச்சை பெற்ற 17,642 பேருள் ஒருவருக்கேனும் உணவுக்குழலில் அத்துளை விழவில்லை. எனினும் சிலருக்குச் செங்குருதி அணுக்கள் உடைந்து சிறுநீரகம் தளர்ந்தது. சிலருக்கு இருதயத்தின் இரத்தக்குழாய் இறுகியது. எத்தனை துடிப்புகள் தரலாம், எங்கே தரலாகாது என்பதை மருத்துவர்கள் இப்பொழுது அளந்து வருகின்றனர்.