தோல் தும்பியும் மின்சாரப் பம்பும்

கரிகாலன் கண்ட கல்லணையை வரலாறு பாடுகிறது. பேரேரி வெட்டிய பெருவேந்தரைக் கல்வெட்டு பேசுகிறது. பாறை பிளந்து கிணறு வெட்டினானே உழவன், அவனுக்கு ஏடு உண்டா, எழுத்து உண்டா? நான் வகுப்பிலே நடத்தும் வரலாற்றுப் பாடத்தில் அவனுக்கு ஒரு வரியும் இல்லை.

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் தடுத்துவிட, அங்கே வேளாண்மை கிணற்றை நம்பியே வாழ்ந்தது. எருதுகள் சரிவிலே இறங்கி வடக்கயிற்றை இழுக்கும், சால் மேலேறும், அதன் தோல் தும்பி வழியே நீர் வாய்க்காலில் பாயும். கவலை என்று அதற்குப் பெயர். பொருத்தமான பெயர்தான்! அந்தத் தோலைப் பதமாக்கித் தைத்தவர் அருந்ததியர். அவர் தைத்த தும்பியில் வந்த நீர் பயிருக்குத் தீட்டாகவில்லை. ஊர்ப் பொதுக் கிணற்றில் அவர் குடம் இறங்கினால் மட்டும் தீட்டாம்! நீருக்கும் சாதி கற்பித்தவர் அறிவை என்னென்பது?

1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்தில் ஆலைகள் ஓடின. பின்னர்க் கிணற்று மேட்டிலும் மின்சாரப் பம்பு ஏறியது. எருது ஓய்ந்தது, உழவனின் முதுகு நிமிர்ந்தது. அறிவியல் தந்த விடுதலை அது, ஐயமில்லை. ஆனால், கவலை இறைத்த நாளில் எருதின் களைப்பே நீருக்குக் காவல். மாடு நின்றால் இறைப்பும் நிற்கும், ஊற்று ஊறும். பம்புக்கு ஏது களைப்பு?

சட்டமாவது காவல் நின்றதா? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த ஓடையாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எவ்வளவும் எடுத்துக்கொள்ள நிலவுடைமையாளருக்கு உரிமை தந்தது. பாறை வெடிப்பிலே கசியும் நீர் வரப்பைக் கண்டு நிற்குமா? பெருநிலக்காரர் ஆழ்துளை இறக்கினார். அண்டை நிலத்து இரண்டு ஏக்கர் உழவரின் கிணறு வறண்டது. அவர் கடன் வாங்கித் தோண்டினார். பெருநிலக்காரர் மேலும் ஆழம் போனார். நீர் இறங்கியது, கடன் ஏறியது.

1984ஆம் ஆண்டில் சிறு உழவருக்கும், 1990ஆம் ஆண்டில் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. வரவேற்கத் தக்கதே. எனினும், கிணறு வற்றியவர் அந்த மின்சாரத்தைக் கொண்டு எதை இறைப்பார்?

நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2013ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. 1882ஆம் ஆண்டின் சட்டம் மட்டும் நீக்கப்படவில்லை.