டாலர் பிறந்த மலையூர்

என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு டாலர்னா அமெரிக்காதான். ஆனா மக்களே, அந்தப் பேரோட பூர்வீகம் செக் நாட்டுல, ஜெர்மன் எல்லையை ஒட்டின மலையில இருக்கிற யாஹிமோவ்ங்கிற குட்டி ஊர்.

1516-ல் வெள்ளி கிடைச்சதும் உருவான ஊர் இது. ஜெர்மன் பேரு யோவாகிம்ஸ்தால், 'தால்'னா பள்ளத்தாக்கு. ஷ்லிக் பிரபுக்கள் இங்கே அடிச்ச வெள்ளிக்காசு 'யோவாகிம்ஸ்தாலர்'. அது சுருங்கி 'தாலர்' ஆகி, கடல் தாண்டி 'டாலர்' ஆயிடுச்சு. அந்தப் பழைய நாணயச்சாலை இப்போ அருங்காட்சியகம்.

வெள்ளி தோண்டினப்போ கூடவே வந்த கறுப்புக் கல்லை வேண்டாம்னு ஒதுக்கினாங்க. அதுதான் யுரேனியத் தாது! பின்னாடி அதிலிருந்து சாயம் எடுத்து மிஞ்சின கழிவை வரவழைச்சுத்தான் கியூரி தம்பதி ரேடியத்தைப் பிரிச்சாங்க. 1906-ல் ரேடான் கலந்த சுரங்கத் தண்ணியில் குளியல் வைத்தியம் ஆரம்பிச்சது. 1912-ல் அரண்மனை கணக்கா ரேடியம் பேலஸ் ஹோட்டலும் வந்தது.

இதுக்கு அடுத்த அத்தியாயம்தான் மனசைப் பிசையுது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத்துக்கு யுரேனியம் தேவைப்பட்டது. அதைத் தோண்ட ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளை இறக்கினாங்க. 1949-ல் உலக சாம்பியனான செக்கோஸ்லோவாக்கிய ஐஸ் ஹாக்கி அணியில் பலரை 1950-ல் கைது பண்ணி, சிலரை இந்தச் சுரங்கங்களுக்கே அனுப்பினாங்க. 1964-ல்தான் யுரேனியம் எடுக்கிறது நின்னது.

2019-ல் இந்த மலைத்தொடரின் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆன்சைட்ல அந்தப் பக்கம் போறவங்க ஹோட்டலைப் படம் பிடிச்சதோட திரும்பிடாதீங்க. 'யாஹிமோவ் நரகம்'னு ஒரு நடைபாதை, பழைய முகாம்கள் இருந்த இடங்கள் வழியா போகுது. அதையும் நடந்து பார்த்துட்டு வாங்க.