பேச்சை முடிக்காத சபை

அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா பிடிக்கலைன்னா, அதைத் தோற்கடிக்க வாக்குகள் வேண்டாம். பேச்சை முடிக்காமல் இருந்தால் போதும், வாக்கெடுப்பே வராது. இந்த உத்திக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் விவாதத்தை முடிக்கலாம் என்று 1917இல் ஒரு விதி வந்தது. ஆனால் 1964க்கு முன் கறுப்பின மக்களின் உரிமை மசோதா எதற்கும் அந்த எண்ணிக்கை கிடைக்கவே இல்லை.

சபைக்குள் சிறுபான்மையின் குரலைக் காக்கத்தான் இந்த உத்தி என்பார்கள். எந்தச் சிறுபான்மை? 1964இல் 60 வேலை நாட்கள் இழுத்தடித்தவர்கள் தென் மாநில செனட்டர்கள். வெளியே, ஓட்டலில் சமமாக உட்கார்ந்து சாப்பிடும் உரிமைக்காகக் கறுப்பின மக்கள் காத்திருந்தார்கள்.

ஜூன் 10 காலை, ராபர்ட் பைர்ட் 14 மணி நேரத்துக்கும் மேல் பேசி முடித்தார். விவாதத்தை நிறுத்த 67 பேர் வேண்டும். ஒவ்வொரு பெயராக அழைத்தார்கள். கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். மூளைக் கட்டியால் அவருக்குப் பேச்சு போயிருந்தது. கையை உயர்த்தித் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ‘ஆம்’ என்ற வாக்குக்கும் ஒரே ஒலிதான்: ‘ஐ’.

71க்கு 29. ஜூலை 2 அன்று மசோதா சட்டமானது. அந்த மாதம் 30ஆம் தேதி எங்கிள் இறந்துபோனார்.