இந்தக் கறுப்புத் தூள் உண்மையிலேயே கிராஃபீனா? எக்ஸ்-ரே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மலாக்காவின் நியாலாஸ் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. இந்த இரண்டுக்குமே கிராஃபீனோடு தொடர்பு உண்டு. 2014-இல் தொடங்கப்பட்ட மலேசியாவின் தேசிய கிராஃபீன் செயல்திட்டம், கிராஃபீன் கலந்து வலுவூட்டக்கூடிய பொருள்களில் ரப்பரையும் சேர்த்தது. செம்பனைக் கழிவைக் கரியாக்கி அதிலிருந்து கிராஃபீன் எடுக்கும் ஆய்வுகளும் இங்கே நடந்திருக்கின்றன.

ஆனால் கடைசியில் கையில் கிடைப்பது ஒரு கறுப்புத் தூள்தான். அது கிராஃபீனா, சும்மா கரியா? பார்த்தால் தெரியாது. 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 60 நிறுவனங்கள் "கிராஃபீன்" என்று விற்ற பொருள்களைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 விழுக்காடுகூட இல்லை. ஒன்றுகூட பாதியைத் தாண்டவில்லை.

குவே லாப்பிஸை ஒவ்வோர் அடுக்காக உரித்துச் சாப்பிட்டிருப்பீர்கள்தானே? பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் அப்படித்தான், கார்பன் அணுக்களின் அடுக்குகள். அதில் ஒரே ஓர் அடுக்குதான் கிராஃபீன்.

எக்ஸ்-ரே என்ன செய்கிறது?

எலும்பைப் படமெடுப்பது போன்ற வேலை இல்லை இது. எக்ஸ்-ரேயின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த ஆற்றலில் தூள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். சரியான ஆற்றல் கிடைத்ததும், கார்பன் அணுவின் உள்ளே இருக்கும் எலக்ட்ரான் ஒரு காலி இடத்துக்குத் தாவும். அப்போது வரைபடத்தில் ஒரு மேடு எழும்.

கிராஃபைட்டுக்கும் கிராஃபீனுக்கும் சுமார் 285 எலக்ட்ரான்வோல்ட்டில் கூர்மையான ஒரு மேடு வரும், 292-ஐ ஒட்டி இன்னொன்று. அதே கார்பன்தான் வைரமும், ஆனால் தூய வைரத்தில் அந்த 285 மேடு வராது. அடுக்குகள் தட்டையாகப் படிந்திருக்கின்றனவா என்றுகூடப் பார்க்கலாம்: மாதிரியைச் சாய்க்கச் சாய்க்க 285 மேடு உயர்ந்து தாழ்ந்தால் தட்டை, மாறாமல் இருந்தால் தாறுமாறு.

288-இல் வந்த சண்டை

2008-இல் ஒரு குழு, கிராஃபீனில் இந்த இரண்டுக்கும் நடுவே, 288 பக்கத்தில், ஒரு சின்ன மேட்டைப் பார்த்து, இது கிராஃபீனுக்கே உரிய அடையாளம் என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு மறுத்தது: அது மேலே ஒட்டிய அழுக்கு, கார்பனோடு ஆக்சிஜன் சேர்ந்தது! இரண்டாவது விளக்கமே வலுவாகத் தெரிகிறது. கிராஃபீன் ஆக்சைடில் அதே பகுதியில்தான் மேடு நன்றாக எழுகிறது. ஆகவே தூள் சுத்தமா என்று பார்ப்பவர் முதலில் தேட வேண்டிய இடம் 288.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஓர் அடுக்கா, ஐந்து அடுக்கா என்று இதை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். அதற்கு ராமன் சோதனையும் மின்னணு நுண்ணோக்கியும் தேவை. ஆய்வுக்கூட எக்ஸ்-ரே குழாயும் இதற்குச் சரிவராது. ஆற்றலை விரும்பியபடி மாற்ற, சின்க்ரோட்ரான் என்ற பெரிய வளையம் வேண்டும். மலேசியாவில் அது இல்லை. ஆக அருகில் என்றால் சிங்கப்பூர், அடுத்து தாய்லாந்தின் நாக்கோன் ராட்சசிமா.