சிலம்புதலும் சிலம்பும்

ஒரு மக்களினத்தின் வரலாறு கல்வெட்டிலும் ஏட்டிலும் மட்டுமன்றி, அவர்தம் சொற்களிலும் பொதிந்து கிடக்கின்றது. இதற்குச் 'சிலம்புதல்' என்னும் வினை தக்கதொரு சான்றாகும்.

சிலம்புதலாவது ஒலித்தல். எனினும், ஒலிவினைகள் யாவும் ஒருதன்மையன அல்ல. முரசு முழங்கும், கடல் ஆர்க்கும். ஆண்டாள் திருப்பாவையிற் புட்களின் வைகறை ஒலிக்குச் சிலம்புதலையே ஆள்கின்றார். மலையிடத்து எழும் எதிரொலியும் சிலம்புதலே. ஆகலின், மலைக்கும் சிலம்பென்னும் பெயர் வந்ததென்பர். உள்ளீடற்ற வளையத்துட் பரலிட்டு, நடைதோறும் ஒலிக்கச் செய்த மகளிர் அணிகலனும் அப்பெயரே பெற்றது. அப்பரல் மாணிக்கமோ முத்தோ என்னும் வினாவிலன்றோ சிலப்பதிகார வழக்கு முடிவுற்றது!

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இச்சொல் இன்றும் வாழ்கின்றது. காத்தான்குடிக்குத் தெற்கே ஆரையம்பதியிற் கண்ணகியம்மன் ஆலயம் உண்டு. இப்பகுதிக் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களிற் சடங்கு நிகழும்; சிலம்பு ஆண்டுச் சடங்குப் பொருளாகப் போற்றப்படும்; கண்ணகி வழக்குரை பாடப்படும். அந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்தார். சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892இல் அச்சேற்றுமுன்னரே, ஏட்டிலும் நாவிலும் கண்ணகி கதையை இம்மக்கள் காத்துவந்தனர். சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தின் சிலம்பைச் 'சலம்ப' என்றும் 'ஹலம்ப' என்றும் வழங்குவர்.

இனி, காத்தான்குடி முதலிய கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிற் பயிலப்பட்டு வந்த கம்புக்கலை 'சீனடி சிலம்படி' எனப்படும். கம்புகள் எழுப்பும் ஒலியாற் சிலம்பமாயிற்று என்பர் ஒரு சாரார். மலையிற் பிறந்தமையால் என்பர் மற்றொரு சாரார். மலைப்பெயரும் ஒலியின் வழித்தாகலின், எக்கூற்றைக் கொள்ளினும் வேர் ஒன்றே.

அன்றாடப் பேச்சில் இன்று எவரும் 'சிலம்பிற்று' என்னார்; சலங்கை 'கலகலத்தது' என்றே கூறுவர். வினை வழக்கருகிற்று; பெயர்கள் நிலைத்தன. அவற்றைக் காத்தோர், ஒருபுறம் அம்மன் சடங்கினர். மறுபுறம் கம்பெடுத்த முஸ்லிம் ஆசான்மார். 1990ஆம் ஆண்டின் கொடுமைகள் இவ்வயலூர்களின் உறவைப் பெரிதும் புண்படுத்தின. ஆயினும், இரு சாராரும் தத்தம் மரபுடைமையைச் சுட்டும்போது ஒரே வினையின் வழிவந்த சொல்லையே மொழிகின்றனர். வகுப்பறையிற் சிலப்பதிகாரம் பயிற்றும் ஆசிரியர், இவ்விரு வழக்கினையும் ஒருங்கே எடுத்துக்காட்டுதல் நன்று. தம் அயலாரும் அச்சொல்லுக்கு உரியர் என்பதை மாணவர் அதனால் அறிவர்.